கூத்தில் ஊற்றிய தண்ணீர்

தலையில் விழுந்த முதல் தண்ணீர் கண்ணுக்குள் போனது. இரண்டாவது காதுக்குள். மூன்றாவது கழுத்தால் இறங்கி, என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற பிலோமினா என் சட்டையின் முதுகில் குத்தியிருந்த ஊசி வரைக்கும் போய் நின்றது.

நான் முழங்காலில் இருந்தேன். தலையில் ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், ஈரத்தில் ஊறி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. பின்னால் சுல்தானின் படை, அதாவது நாலு பேர், வாளைப் போட்டுவிட்டு என்னைப் போலவே மண்டியிட்டிருந்தார்கள். முன்னால் பலெர்மோவின் கால்சாப் பங்குத் தேவாலய மண்டபம் நிறையச் சனம். எல்லோர் கையிலும் போன்.

தண்ணீர் ஊற்றியவர் அசல் சுவாமியார். தலையைக் கொடுத்தவள் நகல் ராசமாதா, சுல்தானின் தாய். இந்த இரண்டில் எது செல்லும் என்பதுதான் பிறகு நடந்த யுத்தம்.

போன வாரம் இந்தப் பத்தியை என் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வெள்ளிக் கரண்டிகளோடு நிறுத்தியிருந்தேன். கரண்டிகள் எங்கும் ஓடிப்போகாது. இடையில் ஒரு வாசகி, ‘நீங்கள் பலெர்மோவில் கோயிலுக்குப் போகிறவரா, தேவாலயத்துக்குப் போகிறவரா’ என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய காலம் ஒன்று எனக்கும் இருந்தது. அது மேலே சொன்ன தண்ணீரோடு முடிந்தது.

தோற்பதற்கு ஆள் தேவை

பிலோமினாவும் நானும் கால்சாவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் மன்னார்க் கத்தோலிக்கம், நான் யாழ்ப்பாணத்துச் சைவம். இருவரும் விதவைகள், இருவரும் வீடு துடைக்கிறவர்கள். அவளுடைய சுவரில் மாதா, என்னுடைய சுவரில் பிள்ளையார், நடுவில் குளிர்சாதனப் பெட்டி. இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சண்டை வந்திருக்கிறது.

அவளுடைய பங்கில் தமிழ்க் கத்தோலிக்கர் திருநாளுக்கு நாட்டுக்கூத்துப் போடுவார்கள். அண்ணாவியார் சவிரிமுத்து பகலில் பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்து அலுவலகங்களில் படிக்கட்டுத் துடைப்பவர். மாலையில் அரசர்களுக்கு ஆட்டம் பழக்குபவர். அந்த வருடம் அவர் சிலுவைப் போரைக் கூத்தாக எழுதியிருந்தார்.

எழுதியது சுகம். ஆள் சேர்ப்பதுதான் போர். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய துக்கத்தோடு இருந்தார்.

“எல்லாருக்கும் நெஞ்சிலை சிலுவை வைச்ச உடுப்புத்தான் வேணுமாம், பிலோமினாக்கா. சுல்தான்ரை பக்கம் நிக்க ஒரு குஞ்சும் வரமாட்டுதாம். தோக்க ஆள் இல்லாமல் நான் என்னெண்டு வெல்லுறது?”

“சைவக்காரரைக் கேளுங்கோவன்,” என்றாள் பிலோமினா. “அவைக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதானே.”

“வருவினமோ?”

“கடைசியிலை சோறு குடுப்பியளோ?”

“ஆட்டிறைச்சிக் கறியும்.”

“அப்ப வருவினம்.”

இப்படியாக ஜெருசலேமைக் காக்கிற பொறுப்பு யாழ்ப்பாணத்துச் சைவர்களின் கையில் வந்து சேர்ந்தது. அண்ணாவியாரோடு சேர்ந்து வேலை செய்கிற பெடியன்கள்தான். சுல்தானுக்கு ஒருவன், படைக்கு நாலு பேர், எல்லோரும் சந்தோஷமாகத் தோற்க வந்தார்கள்.

உடுப்புத் தைக்கிற வேலை பிலோமினாவுக்கு. கைகொடுக்கிற வேலை எனக்கு. சுல்தானுக்குத் தலைப்பாகைத் துணி வாங்கப் பங்களாதேஷ்காரர் ஒருவரின் கடைக்குப் போனோம். நல்ல மனிதர், ஐந்து வேளையும் தொழுகிறவர். “என்ன, வீட்டில் கல்யாணமா?” என்று கேட்டார். பிலோமினா என்னைப் பார்த்தாள், நான் துணியைப் பார்த்தேன். ஓம், கல்யாணம்தான் என்று சொல்லிவிட்டோம். விலையில் குறைத்தும் தந்தார். சிலுவைப் படைக்கு அவர் செய்த உதவி அவருக்குத் தெரியாது.

கடைசி நேரத்தில் ராசமாதா வேஷம் கட்டவிருந்தவருக்கு ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலை கிடைத்து, இரவும் பகலும் அங்கேயே தங்கவேண்டியதாகிவிட்டது. அண்ணாவியாரின் கண் ஊசியும் நூலுமாக இருந்த என்மேல் விழுந்தது.

“அக்கா, கதைக்கத் தேவையில்லை. பாட்டுமில்லை, ஆட்டமுமில்லை. கடைசிக் கட்டத்திலை வந்து முழங்காலிலை நிண்டால் காணும்.”

நான் வெட்கப்படுகிறவள். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால் மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவள். ஆனால் கதைக்கவேண்டாம் என்றதும் யோசித்தேன். முழங்காலில் நிற்பது எனக்குப் புதிய வேலையும் இல்லை. இந்த ஊரின் சலவைக்கல் தரைகளில் பாதிக்கு என் முழங்காலைத் தெரியும்.

கனவு கண்ட அரசர்கள்

கூத்தின் கதையைச் சொல்லாவிட்டால் அண்ணாவியார் கோபிப்பார்.

முதலில் ரோமாபுரி வருகிறது. ஓர் அரசன் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடுகிறான். ஆனாலும் அவர்கள் ஒளித்துக் கூடுகிறார்கள், நிலத்துக்குக் கீழே குகைகளில் செபம் செய்கிறார்கள், குறையாமல் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. வாடகை நிலவறைகளில் பத்துப் பேராகப் படுத்து எழும்பிய எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் விளங்கும்.

பிறகு இன்னோர் அரசன் வருகிறான். போருக்குப் போகிற வழியில் வானத்தில் சிலுவை தெரிகிறது. போரிலும் வெல்கிறான். அன்று முதல் அவன் கிறிஸ்தவர்களின் பக்கம். அவன் அந்தப் பக்கம் போனதும் மந்திரி போகிறார், மந்திரி போனதும் தளபதி, பிறகு வரி கட்டுகிற எல்லோரும். அரசனுக்கு ஒரு கனவு வந்தால் சனத்துக்கு ஒரு கட்டளை வரும். நிலத்துக்குக் கீழே இருந்தபோது ஒவ்வோர் ஆளாகச் சேர்ந்தது, மேலே வந்த பிறகு ஊர் ஊராகச் சேர்ந்தது.

அதற்கு அடுத்த காட்சியிலேயே சிலுவைப் போர். “இடையிலை எண்ணூறு வருஷம் கிட்டப் போயிருக்காதோ?” என்று சுல்தான் வேஷக்காரப் பெடியன் கேட்டான். “அதுக்குத்தான் மத்தளம் இருக்கு,” என்றார் அண்ணாவியார். உண்மைதான். மத்தளக்காரர் தீர்மானம் என்கிற முடிவுத் தாளத்தை அடித்து முடிக்க எண்ணூறு வருடமும் போய்விட்டது.

அண்ணாவியாரின் போரில் சிலுவைக்காரர் வெல்கிறார்கள், சுல்தான் விழுகிறான், அவனுடைய தாய் மனம் மாறி ஞானஸ்நானம் பெறுகிறாள். இதை நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி எந்தத் தாயும் முழங்காலில் நிற்கவில்லை, கடைசியில் சிலுவைக்காரர்கள்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிவந்தார்கள் என்றார்.

அதை அண்ணாவியாரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

“அக்கா,” என்றார், “திருநாள் அண்டைக்குத் தோத்த கதையை ஆர் இருந்து பாக்கிறது?”

சிஞ்ஞோராவின் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. வாளோடு ஒரு மனிதர். அவருடைய வம்சம்தான் தாங்கள் என்பது சிஞ்ஞோராவின் நம்பிக்கை. வடக்கே இருந்து குதிரையில் வந்து, இந்த ஊரை முஸ்லிம்களிடமிருந்து கடவுளுக்காகப் பிடித்தவர்களில் ஒருவராம். படத்தின் சட்டத்தில் தூசி சேரும். கடவுளுக்காக வந்தவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் துடைக்கிறேன்.

இந்த ஊரின் பெரிய தேவாலயம் முதலில் தேவாலயமாக இருந்து, பிறகு பள்ளிவாசலாகி, திரும்பவும் தேவாலயமானது. வாசல் தூண் ஒன்றில் இன்றைக்கும் அரபு எழுத்து இருக்கிறது. தூண் உறுதியான தூண், அதனால் எடுக்கவில்லை.

சிஞ்ஞோரா சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. ஊரைப் பிடித்த அரசர்கள் பள்ளிவாசலை மாற்றினார்கள், கொடியை மாற்றினார்கள், காசில் இருந்த பெயரை மாற்றினார்கள். அரண்மனைக் குசினியில் இருந்த முஸ்லிம் சமையல்காரர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கடவுளுக்காகச் சண்டை பிடிக்கிறவர்களுக்கும் மத்தியானம் பசிக்கும் அல்லவா.

பெயர் கேட்டால்

கூத்து நாளன்று வெக்கை தாங்கமுடியாமல் இருந்தது. ஆயர் வேஷத்தில் ஒரு பெடியன் வெறும் செம்பைக் கவிழ்ப்பான், நான் தலையைக் குனிவேன், திரை விழும். ஒத்திகையில் அப்படித்தான். தண்ணீர் கிடையாது, கிரீடம் நனைந்துவிடும் என்று பிலோமினா தடுத்திருந்தாள்.

அன்று முன்வரிசையில் பங்குச் சுவாமியார் இருந்தார். வயது போன இத்தாலியர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்து பார்த்தார். சுல்தான் விழுந்தபோது அவர் கண்ணைத் துடைத்ததை அண்ணாவியார் கண்டுவிட்டார். கண்டதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணாவியாருக்கு யோசனை வந்தால் யாருக்காவது கேடுதான். ஆயர் வேஷக்காரப் பெடியனைப் பின்னால் தள்ளிவிட்டு, “சுவாமி, நீங்களே மேடைக்கு வாருங்கள்” என்று கூப்பிட்டார்.

சுவாமியார் எழும்பினார். செம்பை வாங்கிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கதவால் தேவாலயத்துக்குள் போய், நிரப்பிக்கொண்டு வந்தார்.

என் முன்னால் குனிந்து, “உங்கள் பெயர் என்ன?” என்று இத்தாலியில் மெல்லக் கேட்டார்.

வாசகர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்களைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் பழகுவது பாஷை அல்ல, வரிசை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக விடியமுன் போய் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் பெயர் கேட்டதும் ஒரு மூச்சில் சொல்லவேண்டும். முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர். தயங்கினால் பின்னால் நிற்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அது நாக்கில் படிந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு சீருடைக்காரர் பெயர் கேட்டால் நான் வேஷத்தில் இருக்கிறேனா, நித்திரையில் இருக்கிறேனா என்று பார்ப்பதில்லை.

“செல்லத்துரை நாகேஸ்வரி,” என்றேன். அந்த ஒழுங்கில். மைக் பக்கத்தில் இருந்தது.

மூன்று மணித்தியாலக் கூத்தில் ராசமாதா பேசிய ஒரே வசனம் அதுதான்.

சுவாமியார் அதைத் தன் நாக்குக்கு ஏற்றபடி திருப்பிச் சொன்னார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று இத்தாலியில் மூன்று முறை ஊற்றினார். சபை எழும்பி நின்று கைதட்டியது. கிரீடம் மூக்குக்கு வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் படை

வீட்டுக்கு வந்து தலை துவட்டமுன் பெர்காமோவிலிருந்து மகன் போன் எடுத்தான்.

“அம்மா, என்ன வேலை பாத்தனீங்கள்? வட்ஸ்அப்பிலை வந்திருக்கு. கனடாவிலை இருந்து சித்தப்பா கேக்கிறார், அண்ணி மாறிட்டாவோ எண்டு.”

“கூத்தடா.”

“சுவாமியார் உண்மையான ஆள்தானே?”

“ஓம்.”

“தண்ணி?”

“தண்ணியும் உண்மைதான்.”

“பேரும் சொல்லியிருக்கிறியள்.”

“கேட்டார், சொன்னன்.”

“சரி, சித்தப்பாவுக்கு நான் சொல்லுறன்,” என்றான். அவனும் குவெஸ்தூராவில் நின்ற பிள்ளைதான்.

அடுத்த நாள் காலை பங்கிலிருந்து மூன்று பெண்கள் ஒரு செபமாலையும் ஒரு கேக்குமாக வந்தார்கள். கூத்தாக இருந்தாலும் கர்த்தர் கூப்பிட்ட விதம் அது என்றார்கள். “சும்மா இருந்தவவை மேடையிலை ஏத்தி, தன்ரை வாயாலை பேரும் சொல்லவைச்சிட்டார் பாருங்கோ,” என்று ஒருத்தி அழுதாள். எனக்கு மரியா என்று பெயர் வைத்தால் பொருந்தும் என்றாள் இன்னொருத்தி. நான் கேக்கை வெட்டி அவர்களுக்கே கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் மற்றப் படை வந்தது. தனி ஆள். எங்கள் கோயில் சபைத் தலைவர் சிவபாதம். எனக்குத் தம்பி வயது. நல்லவர். ஒருவரை நோகப்பண்ணமுன் தன் காலணியைக் கழற்றி ஒழுங்காக வைப்பார்.

கோயில் என்றால் கோபுரத்தை நினைக்கவேண்டாம். ஊரின் ஓரத்தில், பிரான்காச்சோ என்கிற பகுதியில் தொடர்மாடிகளுக்குப் பின்னால், முன்பு கார் திருத்துகிற இடமாக இருந்த ஒரு கொட்டகை. மழை பெய்தால் இன்றைக்கும் நிலத்தில் எண்ணெய் மிதக்கும். உள்ளே பிள்ளையார் இருக்கிறார், அவருக்கு அது போதும். பின்பக்கம் ஒரு திரையைக் கட்டி மடைப்பள்ளி வைத்திருக்கிறோம். திருவிழாவின் கடைசி நாள் அன்னதானத்துக்கு அங்கே சமைப்பது நான்.

அதைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். வாரம் முழுக்க நான் மற்றவர்களின் வீட்டில் மற்றவர்கள் சொன்னபடி செய்கிறவள். அங்கே திரைக்குப் பின்னால், கிடாரம் என்கிற பெரிய அண்டாவுக்கு முன்னால், யாரும் எனக்குச் சொல்வதில்லை. நானும் யாருக்கும் கதைக்கத் தேவையில்லை. அரிசி கொதிக்கிற சத்தத்திலிருந்து எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் சனம் ‘அரோகரா’ சொல்லும்போது என் முகத்தில் ஆவி அடிக்கும். எனக்குச் சாமி தெரிவது அங்கேதான். இதைவிட வேறு பக்தி எனக்கு இல்லை.

சிவபாதம் கதிரையின் நுனியில் இருந்தார்.

“அக்கா, குறை நினைக்கக்கூடாது. இந்த முறை மடைப்பள்ளிக்குள்ளை வரவேண்டாம். ஐயரை ஒருக்காக் கேப்பம்.”

“கூத்துத் தம்பி அது.”

“எனக்குத் தெரியும் அக்கா. சனத்துக்குத் தெரியவேணுமே. வீடியோவிலை பேர் வடிவாய்க் கேக்குது.”

“சுல்தான்ரை படைப் பெடியளும் முழங்காலிலை நிண்டவங்கள்.”

“அவங்களுக்குத் தண்ணி படேல்லையே.”

சிலுவைப் போரில் இரண்டு பக்கமும் தனித்தனிப் படை. என் போரில் இரண்டு பக்கமும் ஒரே கட்சி. சுவாமியாரின் தண்ணீர் பிடித்துவிட்டது என்பதில் பங்குப் பெண்களுக்கும் கோயில் சபைக்கும் கொஞ்சமும் பேதம் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நான் கதைக்கிறவளும் இல்லை.

சுவாமியாரின் பதில்

“வா, ஊத்தின ஆளையே கேப்பம்,” என்று பிலோமினாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சுவாமியார் தேவாலயத்தின் பின்பக்கம் துளசிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்ததும் நான் ஓரடி பின்னால் போய் நின்றேன். இங்கே துளசியைக் கும்பிடுவதில்லை, சமையலுக்குப் போடுவார்கள்.

பிலோமினா கேட்டாள். அவர் செம்பு மாதிரி இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த நேரத்தில் நீங்கள் அதை விரும்பினீர்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்றால் இன்னொரு கேக் வந்திருக்கும். ஆனால் அவர் கேட்ட விதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்பது மாதிரி இல்லை. பதில் வரும்வரை நிற்கிறவர் போல நின்றார்.

“வெக்கையாய் இருந்தது, சுவாமி. தண்ணி குளிர்மையாய் இருந்தது. கெதியாய் முடிஞ்சால் காணும் எண்டுதான் நினைச்சன்.”

அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன், பிலோமினா அதை மொழிபெயர்த்தாள். சுவாமியார் பலமாகச் சிரித்தார். அப்படியானால் அது வெறும் தண்ணீர் என்றார். வளர்ந்த ஓர் ஆளுக்கு மனம் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. தானும் அன்று நடிக்கத்தான் ஏறியது, சின்ன வயதில் நடிகனாக ஆசை இருந்தது, அப்பா விடவில்லை என்றார். பெயர் கேட்டது கூடக் கூத்துக்காகத்தான்.

இந்தச் சின்ன விஷயத்தைத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே யாராவது குதிரைக்காரர்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு இரும்பு மிச்சம்.

நான் லேசாகிப் படியிறங்கினேன். பிலோமினா லேசாகவில்லை. கடற்கரைப் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நான் ஒண்டும் உன்னை மாத்த நினைக்கேல்லை, நாகேஸ்.”

“தெரியும்.”

“ஆனா வீடியோவைப் பாத்தபோது ஒரு நினைப்பு வந்தது. செத்தால் எங்கடை இடத்திலை உன்னையும் எனக்குப் பக்கத்திலை புதைக்கலாமெண்டு. தனியக் கிடக்கோணும் எண்டு யோசிச்சால் எனக்கு ஒரு மாதிரி.”

என்னை எரிக்கவேண்டும் என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது அவளுக்கும் தெரியும்.

“சாம்பல் கொஞ்சம் உனக்குத் தரச்சொல்லுறன்,” என்றேன். “தலைமாட்டிலை பூச்சாடிக்குள்ளை போட்டு வை.”

“பூ நல்லாய்ப் பூக்கும்,” என்றாள். பிறகு மூக்கைச் சீறினாள்.

கும்பத் தண்ணீர்

சுவாமியாரின் பதிலைப் பிலோமினா போனில் சிவபாதத்துக்குச் சொன்னாள். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். இப்படிப்பட்ட விஷயங்களில் பிரச்சினை முடிந்த பிறகுதான் கூட்டம் கூட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்குள் ஆண்கள் பிளாஸ்டிக் கதிரைகளில், பெண்கள் செருப்புத்தட்டுப் பக்கம் நின்றபடி. ஐயர் ஜெர்மனியில் இருப்பவர், திருவிழாவுக்கு மட்டும் பறந்து வருகிறவர். அவருடைய குரல்பதிவைச் சிவபாதம் போனில் போட்டார். ஒரு பயமும் இல்லை, சின்னச் சாந்தி ஒன்று செய்தால் போதும், கும்பம் வைத்துப் பூசித்துத் தலையில் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்றார் ஐயர்.

“பாத்தியளோ அக்கா, எவ்வளவு லேசு,” என்றார் சிவபாதம். உண்மையாகவே அவர் முகம் மலர்ந்திருந்தது. “கொடியேத்தத்துக்கு முதல் நாள், எல்லாருக்கும் முன்னாலை ஒருக்கா இருந்து எழும்பினால் சரி. பேந்து மடைப்பள்ளி உங்கடை.”

ஒரு நிமிடம் எனக்கும் லேசாகத்தான் தெரிந்தது. எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் தலை என்ன கரைந்தா போகும். இருந்து எழும்பினால் கிடாரம் எனக்கு, திரை எனக்கு, அந்த ஆவி எனக்கு. தலையை ஆட்டுகிறதுக்குத்தான் போனேன்.

ஆனால் ஆட்டமுடியவில்லை. நான் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டுக்காரியின் குரல் போலக் கேட்டது.

“தம்பி, அந்தத் தண்ணிக்கு மேலை இந்தத் தண்ணியை ஊத்தினால், முந்தினது பிடிச்சதெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரிப் போகும். பிடிக்கேல்லை. நான் பிறந்து இண்டைவரைக்கும் சைவந்தான். பிடிக்காததை ஏன் கழுவுவான்?”

கதிரை ஒன்று நகர்ந்தது. ஒருவர் இருமினார். ஐயருக்குத் திரும்பக் குரல்பதிவு போடலாமா என்று யாரோ கேட்க, அங்கே அவர் வேலையில் இருப்பார் என்று இன்னொருவர் சொன்னார்.

சிவபாதம் கீழே பார்த்தார். “அப்ப இந்த முறை வேறை ஆக்களைப் பாப்பம், அக்கா. நீங்களும் கொஞ்சம் ஆறுங்கோ.”

ஆறுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு வந்தேன். பஸ்ஸில் அழுதேன். மணி அடிக்க மறந்து, அல்லது வழக்கம் போலக் கூச்சப்பட்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளிப் போய் இறங்கினேன்.

பந்தியில்

திருவிழாவுக்கு நான் போகமாட்டேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிலோமினாதான் சீலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நான் போறன். வருஷா வருஷம் சாப்பிட்ட சோறு. நீ வராட்டி எனக்கு ஆர் இலை பிடிக்கிறது?”

கத்தோலிக்கமான அவளை அந்தப் பந்தியில் இன்றைக்குவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

முதல் தடவையாக நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். சமைக்கிறவர்கள் கடைசியில், நின்றபடி, கிடாரத்தில் ஒட்டியதைத்தான் சாப்பிடுவார்கள். பந்தியில் சப்பாணி கட்டி இருந்து இலை போட்டுச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அவமானப்பட்டவளுக்கு இவ்வளவு வசதி செய்துகொடுப்பார்கள் என்று முதலே தெரிந்திருந்தால் அந்தப் பஸ்ஸில் அழுதிருக்கமாட்டேன்.

சிவபாதமே வாளியோடு வந்தார். என் இலைக்கு முன்னால் வரும்போது அவர் கை கொஞ்சம் வேகமாகியது. சோறு குழைந்திருந்தது. சாம்பாரில் உப்பு நேர்த்திக்கடன் அளவுக்குத்தான் இருந்தது.

“உப்புக் காணாது,” என்றாள் பிலோமினா, நாலு பேருக்குக் கேட்க.

“சாப்பிடு,” என்றேன்.

பாயாசம் வரும்போது மணம் வந்தது. திரைக்குப் பின்னால் கிடாரம் அடிப்பிடித்துவிட்டது. சர்க்கரையைப் போட்ட பிறகு கை விடாமல் கிண்டவேண்டும், அதை விட்டுவிட்டு யாரோ சாமி பார்க்கப் போயிருக்கிறார்கள். எனக்குக் கால் துடித்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சாப்பிட்டு முடித்து வெளியே பைப்படியில் கை கழுவும்போது சிவபாதம் வந்தார். வியர்த்திருந்தார்.

“அக்கா, ஒரு உதவி. பாயாசக் கிடாரம் அடியிலை பிடிச்சிட்டுது. தேய்க்க ஆள் இல்லை. நீங்களெண்டால் கெதியாய் முடிச்சிடுவியள்.”

“மடைப்பள்ளிக்குள்ளை நான் வரக்கூடாதே, தம்பி.”

“உள்ளை வரத்தேவையில்லை, அக்கா. வெளியிலை தூக்கித் தாறம். கழுவுறதுக்கு அப்பிடி ஒண்டும் பாக்கிறேல்லை.”

பிலோமினா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள்.

“அப்ப நானும் கழுவலாமோ?”

“ஓம் அன்ரி, தாராளமாய்,” என்றார் சிவபாதம். பாவம், அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிஞ்ஞோரா வீட்டுச் சுவரில் இருக்கிற வாள்காரரும் இப்படித்தான் இருந்திருப்பார், நல்ல மனதோடு.

“நான் இண்டைக்குச் சாமி கும்பிட வந்தனான், தம்பி,” என்றேன். “வேலைக்கு வரேல்லை.”

பஸ் தரிப்பிடம் கொட்டகைக்கு நேரே எதிரில். நாங்கள் போய் நின்றோம். நாலு பெடியன்கள் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தார்கள். சுல்தானின் படைதான், அதே நாலு பேர். கரண்டியால் சுரண்டத் தொடங்கினார்கள்.

புளியைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டால் அந்தக் கரி தானாகக் கழன்றுவரும். பஸ் வரும்வரை அவர்கள் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.